சென்ட் என்றால் எந்த சென்ட்?

"அண்ணா, ஒரு சந்தேகம். இந்த சென்ட்ங்கிறது நிலம் அளக்கிற சென்ட்டா?"

ராத்திரி பதினொன்றரைக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி. அனுப்பியது கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். யார் வேண்டுமானாலும் நிரலை எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடிய என் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டில் வேலை செய்ய மாணவர்கள் வேண்டும் என்று நான் போட்டிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுக் கேட்கிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இல்லம்மா, மழை அளக்கிற சென்ட்" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சேலத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு சென்ட் என்றால் நிலம்தானே? 'ரெண்டே முக்கால் சென்ட்ல வீடு' என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கும். மழையைப் போய் யார் சென்டில் அளக்கிறார்கள்? அறிவிப்பில் அதை எங்காவது விளக்கியிருந்தேனா என்று எழுந்து பார்த்தேன். எங்கேயும் இல்லை.

இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. ஆள் கணக்கு, சம்பளக் கணக்கு, உரம், மிளகு எடை எல்லாவற்றையும் எழுதுகிறவர். அதில் மழைக் கணக்கும் ஒன்று. ஆபீசுக்கு வெளியே மரக்கிளை எதுவும் மேலே வராத திறந்த இடத்தில் மழைமானி இருக்கும். காலையில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் அதைத் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதிவிடுவார். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பார்கள். காப்பியோடு துரைமார்களின் கணக்கும் மலையேறியிருக்க வேண்டும். எஸ்டேட்டில் மழையை அங்குலத்திலும் சென்டிலும்தான் எழுதுவார்கள். ஏக்கரில் நூறில் ஒன்று நிலத்துச் சென்ட், அங்குலத்தில் நூறில் ஒன்று மழைச் சென்ட். "நேத்து எம்பது சென்ட் பேஞ்சுது" என்று அப்பா சொன்னால் முக்கால் அங்குலத்துக்கு மேல் பெய்திருக்கிறது என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அதனால்தான் அறிவிப்பில் அதை விளக்கத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்று வரும்போது அப்பா பதினொரு மழை நோட்டுகளைக் கொண்டுவந்தார். 1987 முதல் 2009 வரை. எடைக்குப் போட வைத்திருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். நான் கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறேன், மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு. 2019-ல் அந்த நோட்டுகளைத் தட்டச்சு செய்து, பைத்தானில் சின்னதாக ஒன்று எழுதினேன். மாத மொத்தம், மழை நாட்கள் எத்தனை, மார்ச் ஏப்ரலில் காப்பியைப் பூக்க வைக்கும் மழை எந்தத் தேதியில் வந்தது, இவ்வளவுதான் அது சொல்லும். நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப்பில் போட்டேன். அதைப் பார்த்து இன்னும் இரண்டு எஸ்டேட்காரர்கள் தங்கள் நோட்டுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நோட்டிலும் எழுதும் முறை ஒவ்வொரு மாதிரி. வேலை பெருகியது. ஒற்றை ஆளாக முடியாது என்று தெரிந்தபோது, மாணவர்களைச் சேர்க்கலாம் என்று கிளம்பினேன். அது 2022.

ஒரு பொறியியல் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள், நினைவுப் பரிசாக ஒரு ஃப்ளாஸ்க் கொடுத்தார்கள். (இன்றும் சூடு நிற்கிறது, குறை சொல்லக் கூடாது.) கடைசி ஸ்லைடில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 87 பேர் வாட்ஸ்அப் க்ரூப்பில் சேர்ந்தார்கள். அதில் நான் போட்ட அறிவிப்பு இது:

"மழைத் தரவுகளைக் கையாளும் எங்கள் மென்பொருளை மேம்படுத்த ஆர்வமுள்ள மாணவர்கள் வரவேற்கப்படுகிறார்கள். பைத்தான் தெரிந்திருந்தால் நல்லது. ஓசிஆர், மெஷின் லேர்னிங், மொபைல் ஆப் எனப் பல துறைகளில் பங்களிக்கலாம்."

எழுதியபோது கம்பீரமாகத்தான் இருந்தது. 23 பேர் "அண்ணா, ஐ ஆம் இன்ட்ரெஸ்டட்" என்று பதில் போட்டார்கள். "வாங்க, ரெப்போவைப் பாருங்க" என்றேன். (ரெப்போ என்றால் கிட்ஹப்பில் நிரல் இருக்கும் இடம்.) பார்த்தார்கள், போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் வந்தது ஒரே ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'நான் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் அடியில் நன்றி என்று ஒரு வரி சேர்த்து அதன்கீழ் தன் பெயரைப் போட்டிருந்தான் ஒரு பையன்.

நாலு பேர் மட்டும் மெனக்கெட்டு ப்ரொபோசல் எழுதி அனுப்பினார்கள். அதைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. ஒருவர் மெஷின் லேர்னிங் வைத்து அடுத்த வருட மழையைக் கணிக்கப் போகிறார். இன்னொருவர் விவசாயிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஆப் செய்யப் போகிறார். நாலிலும் 'மேம்படுத்துதல்' என்ற சொல் இருந்தது, நாலு நாலு பக்கம் இருந்தது, எங்கள் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதையும் பார்த்துப் படிக்கிற பொறுமையே இல்ல" என்று சாப்பிடும்போது புலம்பினேன். என் மனைவி அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டு, "நீங்க என்ன எழுதுனீங்களோ அதையேதான் இழுத்து நாலு பக்கம் ஆக்கி அனுப்பியிருக்காங்க" என்றாள். ரசத்தை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

கிணறு வெட்டக் கூப்பிட்டு, எந்த இடத்தில் வெட்டுவது என்று சொல்லாமல் கையில் கடப்பாரையை மட்டும் கொடுத்தால் வந்தவன் என்ன செய்வான்? கொஞ்ச நேரம் நிற்பான், வெயில் ஏறியதும் போய்விடுவான்.

பிறகுதான் மற்றவர்கள் இதை எப்படி எழுதுகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் கூகுள் சம்மர் ஆஃப் கோடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதியவர்களுக்குப் பணம் கொடுத்து ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளில் வேலை செய்ய வைக்கும் திட்டம், 2005-லிருந்து நடக்கிறது. முதலில் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, 2022-லிருந்து ஓப்பன் சோர்சுக்குப் புதிதாக வரும் 18 வயது நிரம்பிய யாரும் விண்ணப்பிக்கலாம். பலரும் நினைப்பது போல அதில் மாணவர் மட்டும் ப்ரொபோசல் எழுதுவதில்லை. அதற்கு முன்பே, சேர விரும்பும் ஒவ்வொரு ஓப்பன் சோர்ஸ் அமைப்பும் 'எங்களிடம் இன்னின்ன வேலை இருக்கிறது' என்று ஒரு பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தலைப்பு, விளக்கம், முடிவில் என்ன கையில் இருக்க வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும், வழிகாட்டப்போவது யார், எவ்வளவு கடினம், எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். மணிக்கணக்கும் இஷ்டத்துக்கு இல்லை. 90, 175, 350 என்று மூன்றே அளவு. 90 மணி நேரம் என்பது 2024-ல் வந்தது. அமைப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது கூகுள் பெரிதாகப் பார்ப்பதும் இந்தப் பட்டியலைத்தான்.

ஒரு வாரம் உட்கார்ந்து அப்படிப்பட்ட பட்டியல்களாகப் படித்தேன். எல்லாம் நன்றாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். பெரிய பெயர் உள்ள ப்ராஜெக்டுகளிலும் 'டாக்குமெண்டேஷனை மேம்படுத்துக' என்று ஒற்றை வரி கிடந்தது. ஆனால் நன்றாக எழுதியவை எல்லாவற்றிலும் ஒரு சாயல் இருந்தது. படித்து முடித்ததும் நாளைக் காலை எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது, அந்த ப்ராஜெக்டைப் பற்றி அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும். அவுட்ரீச்சி என்று இதே மாதிரி வேறொரு திட்டம், அதில் இன்னொரு படி கூடுதல். அங்கே விண்ணப்பிப்பவர் அந்த ப்ராஜெக்டில் சின்னதாக ஒரு வேலையையாவது செய்து பதிவு செய்தால்தான் தேர்வுக்கே எடுத்துக்கொள்வார்கள். அதனால் வழிகாட்டிகளும் முதல் நாளே கொடுக்கக்கூடிய சின்ன வேலைகளைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

கூகுளில் போய்ச் சேரும் அளவுக்கு என் ப்ராஜெக்ட் பெரிது இல்லை. என்னிடம் காசும் இல்லை. அதை அறிவிப்பின் இரண்டாவது வரியிலேயே எழுதிவிட்டேன்: பணம் கிடையாது, வேலை முடிந்தால் என்ன செய்தீர்கள் என்று விவரமாக ஒரு கடிதம் தருவேன். சான்றிதழ் கேட்கும் மாணவர்களைக் கேலி செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ப்ளேஸ்மெண்டுக்குப் போகிற பிள்ளை கையில் ஒரு தாள் கேட்பதில் என்ன தப்பு? நான் தரமாட்டேன் என்பது, 'பங்கேற்றார்' என்று மட்டும் போட்டுத் தங்க பார்டர் வைத்த அட்டை.

அப்படி 2023-ல் எழுதிய இரண்டாவது அறிவிப்புதான் அந்தப் பெண் படித்தது. அதன் தலைப்பு 'சென்டில் உள்ள மழை அளவை மில்லிமீட்டராக மாற்றுதல்'. மணி நேரம் போட்டிருந்தேன், எந்தக் கோப்பு என்று போட்டிருந்தேன். இதற்கு மேல் தெளிவாக எழுத முடியாது என்று பெருமையாக இருந்தேன். தலைப்பின் முதல் வார்த்தையிலேயே ஓட்டை.

மறுநாள் அப்பாவிடம் போனேன். அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, "இத நான் வெளியாளுக்குச் சொல்லித் தரணும்பா. ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சு எனக்குச் சொல்லுங்க" என்றேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். 1991 அக்டோபர்ப் பக்கம். ஒரு நாளில் '1-20' என்று இருந்தது.

"ஒரு இஞ்சு இருவது சென்ட்."

"சரி. இது?" அடுத்த வாரத்தில் '1-5' என்று இருந்தது.

"ஒரு இஞ்சு அஞ்சு சென்ட்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடமாக என் நிரல் அந்தக் கோட்டைப் புள்ளியாக மாற்றி 1.5 அங்குலம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. 1.5 அங்குலம் என்றால் 38.1 மில்லிமீட்டர். ஒரு அங்குலம் ஐந்து சென்ட் என்றால் 1.05 அங்குலம், 26.67 மில்லிமீட்டர். ஒரே நாளில் 11 மில்லிமீட்டருக்கு மேல் அதிகப்படியாகப் பெய்ய வைத்திருக்கிறேன். அரை அங்குலம் என்றால் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். "அம்பதுன்னு எழுதுவோம், வேற எப்படி எழுதறது?" என்றார். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்பது போல முகம் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப நீ போட்டு வெச்ச கணக்கெல்லாம்?" என்றார்.

தப்புதான் அப்பா, எல்லாம் தப்பு.

யாருக்கோ வேலை கொடுக்க அறிவிப்பு எழுதப் போய்த்தான் என் சொந்த நிரலில் இருந்த பிழை தெரிந்தது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல், வழக்கம் போல 'ஐ ஆம் இன்ட்ரெஸ்டட்' என்று போட்டிருந்தால் இன்றைக்கும் 1991-ல் ஏற்காட்டில் அதிகமாகத்தான் மழை பெய்துகொண்டிருக்கும்.

மூன்றாவது முறை எழுதியதை இங்கே கிட்டத்தட்ட முழுதாகவே போடுகிறேன். ஒன்றும் ரகசியம் இல்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"எஸ்டேட் நோட்டுகளில் மழை அளவு அங்குலத்திலும் சென்டிலும் இருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு 100 சென்ட். (நில அளவு சென்ட் இல்லை.) 1-20 என்றால் 1 அங்குலம் 20 சென்ட், அதாவது 30.48 மி.மீ. 1-5 என்றால் 1 அங்குலம் 5 சென்ட், அதாவது 26.67 மி.மீ. இப்போதுள்ள நிரல் இரண்டாவதைத் தவறாக 38.1 என்று மாற்றுகிறது. இதைச் சரிசெய்ய வேண்டும்.

மாதிரிக் கோப்பில் 30 வரிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியான விடையை என் அப்பா கையால் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். உங்கள் நிரல் தரும் 30 விடைகளும் அவருடையதோடு ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

செய்ய வேண்டாதவை: நோட்டின் படத்தைப் படித்து எண்ணை எடுப்பது, வரைபடம், மொபைல் ஆப், மழைக் கணிப்பு.

தெரிந்திருக்க வேண்டியது: பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும். கிட் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன். எனக்கு இது 4 மணி நேர வேலை, புதியவருக்கு 30 மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். செமஸ்டர் தேர்வு வந்தால் நிறுத்தி வைக்கலாம், சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

முதலில் செய்ய வேண்டியது: நிரலை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டி, மாதிரிக் கோப்பின் மொத்தம் எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு அனுப்புங்கள். ஓடவில்லை என்றால் என்ன பிழை வருகிறது என்று அனுப்புங்கள், அதுவும் பதில்தான். செவ்வாயும் வியாழனும் இரவு 8 முதல் 9 வரை நான் உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரத்தில் கேட்டால் இரண்டு நாளுக்குள் பதில் வரும்."

இதில் எனக்கு அதிக நேரம் பிடித்தது 'செய்ய வேண்டாதவை' வரிதான். ஆப் வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை, யாராவது செய்து கொடுத்தால் நன்றாகத்தானே இருக்கும் என்று ஒரு ஆசை. அந்த ஆசையை அறிவிப்பில் விட்டுவைத்தால் வருகிறவர்கள் எல்லாரும் ஆப் பக்கம்தான் ஓடுவார்கள். முன்பு ஓடினார்களே.

இன்னொன்று, எங்கேயும் 'எளிது' என்று எழுதவில்லை. எளிது என்று போட்ட வேலையில் ஒரு மாணவர் சிக்கிக்கொண்டால் கேட்கக் கூச்சப்படுவார். 'எனக்கு 4 மணி, உங்களுக்கு 30' என்றால் பத்தாவது மணி நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்பவருக்கு அது இயல்பு என்று தெரியும்.

அந்தப் பெண்ணுக்கே இதை முதலில் அனுப்பினேன். மூன்று நாள் சத்தமில்லை. சரி, இவளும் போய்விட்டாள் என்று நினைத்தேன். நாலாவது நாள், "அண்ணா, மூணு நாளா ட்ரை பண்றேன், ஓட மாட்டேங்குது. சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்று செய்தி வந்தது. ஓடவில்லை என்பதும் பதில்தான் என்று எழுதியும் மூன்று நாள் தயங்கியிருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்போடு வரச் சொன்னேன். தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுவடை செட்டுக் கடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்கக் கூடாது, அவள் செய்வதைப் பார்க்க மட்டும் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுடையது விண்டோஸ். நான் எழுதி வைத்திருந்த நிறுவல் குறிப்பு முழுக்க லினக்சுக்கு. அதையும் தாண்டி எதையெதையோ தேடிப்பிடித்து நிறுவியிருந்தாள். ஓட்டியதும் 'சார்மேப்' என்று ஆரம்பித்து ஒரு பிழை. எனக்கு உடனே புரிந்தது. பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது எந்த எழுத்துக் குறிமுறை என்று சொல்லாமல் விட்டிருந்தேன். லினக்சில் சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும், தமிழ் ஒழுங்காக வரும். விண்டோஸ் வேறு பழைய குறிமுறையை எடுத்துக்கொண்டு, தமிழ் எழுத்தைக் கண்டதும் படுத்துவிடும். நாலு வருடமாக என் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடிய நிரல், நான் எங்கே தெரிந்துகொள்வது?

சட்னி ஒட்டிய கையை வைத்துக்கொண்டு சொன்னேன், அவள் தட்டினாள். ஒரே வரி மாற்றம். ஓடியது. அதையே அவளுடைய முதல் புல் ரிக்வெஸ்டாக அனுப்பச் சொன்னேன். அறிவிப்பில் இல்லாத வேலை அது. அன்றைக்கு ராத்திரியே நிறுவல் குறிப்பில் விண்டோஸ் பகுதியைத் தோழி எழுதினாள். அது இரண்டாவது.

அவள் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. முதல் வருடத்து அறிவிப்பைக் காட்டி, இதைப் படித்திருந்தால் வந்திருப்பாயா என்று கேட்டேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "எங்க பட்டறைக்கு யாராச்சும் வந்து நல்ல கொலுசா செஞ்சு குடுங்கன்னு மட்டும் சொன்னா எங்கப்பா வேலையைத் தொடவே மாட்டார்ணா. ஜோடி எத்தனை கிராம், எத்தனை டச், முத்து எத்தனை, என்னைக்கு வேணும்னு கேப்பார். இல்லைன்னா சாம்பிள் ஒண்ணு குடுன்னுவார்." (டச் என்றால் வெள்ளியின் சுத்தம்.) கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க முப்பது வரிதாண்ணா எங்களுக்கு சாம்பிள்" என்றாள். கூகுள் பட்டியல்களை ஒரு வாரம் படித்ததற்குப் பதில் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு நடை போயிருக்கலாம்.

கணக்குச் சொல்ல வேண்டும் என்றால், அந்த மூன்றாவது அறிவிப்புக்கு வந்தது ஆறே பேர். 87 இல்லை, 23 இல்லை. ஆறில் நாலு பேர் மாதிரிக் கோப்பின் மொத்தத்தை அனுப்பினார்கள். மூன்று பேர் ஆளுக்கொரு வேலையை முடித்தார்கள், சென்டை மாற்றும் வேலையை முடித்தது அவள். முடிக்காத ஒரு பையன் தேர்வு வந்ததும் சொல்லிவிட்டு நிறுத்தினான், திரும்பி வரவில்லை. அவன் எழுதியவரை ரெப்போவில் ஒரு கிளையாக இருக்கிறது. அவன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. சொல்லிவிட்டுப் போனவன் பாதியில் விட்ட வேலையை அடுத்தவர் எடுத்துச் செய்யலாம். சொல்லாமல் போனால் அவன் செய்துகொண்டிருக்கிறான் என்று நினைத்து மூன்று மாதம் யாரும் தொட மாட்டார்கள்.

போன வருடத்திலிருந்து வேறொரு தொல்லை. ஏஐயிடம் எழுதி வாங்கிய ப்ரொபோசல்கள். பன்னிரண்டு வாரத்துக்கு அட்டவணை, அபாயங்களும் தீர்வுகளும் என்று தனி அத்தியாயம், வழுவழுவென்று இருக்கும். முன்பு என்றால் படித்து நேரத்தை வீணாக்கியிருப்பேன். இப்போது ஒரே ஒரு கேள்விதான்: "மாதிரிக் கோப்பின் மொத்தம் எவ்வளவு வந்தது?" பதில் வந்தால் மேலே பேசுவோம். எழுதியது யார் என்று துப்பறியும் வேலை எனக்கு வேண்டாம்.

இப்போது நாலாவது அறிவிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதமாக முடியவில்லை. காரணம் ஞாயிற்றுக்கிழமை.

நோட்டுகளில் பல ஞாயிறுகள் காலியாக இருக்கின்றன. காலி என்றால் மழை இல்லை என்று இத்தனை நாள் பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டால், "ஞாயித்துக்கிழமை யாருடா போவா? திங்கக்கிழமை சேத்து அளந்து எழுதிருவோம்" என்கிறார். அப்படியானால் திங்கட்கிழமை எழுதியது இரண்டு நாள் மழை. மொத்தம் மாறாது, ஆனால் மழை நாட்களின் எண்ணிக்கையும் ஒரே நாளில் பெய்த அதிக மழையும் மாறிவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வானிலைத் துறைக் கணக்கில் காலை 8.30-க்கு அளந்தது அந்தத் தேதியில் ஏறும். முந்தைய 24 மணி நேரத்து மழைதான் அது. அப்பாவோ சில வருடங்களில் காலையில் அளந்ததை 'நேத்து மழை' என்று முந்தின நாள் கட்டத்தில் எழுதியிருக்கிறார். எந்தெந்த வருடம் என்றால், "நான் லீவுல போனப்ப எழுதினவன் எப்படி எழுதினானோ" என்கிறார்.

இதை எப்படி 30 வரி சாம்பிளாக மாற்றுவது? காலிக் கட்டத்துக்கு எதிரே சரியான விடை என்று எதை எழுதுவது? அப்பா பூஜ்யமே இருக்கட்டும் என்கிறார். அந்தப் பெண், இப்போது அவளுக்கு பெங்களூரில் வேலை, காலியைக் காலியாகவே விட்டு, திங்கட்கிழமைக்கு 'இரண்டு நாள்' என்று ஒரு குறி போடலாம் என்கிறாள். எனக்கு அவள் சொல்வதுதான் சரி என்று படுகிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கு அப்பா மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருவார். இன்னொரு எஸ்டேட்டில் இப்போதும் கையால் மழை நோட்டு எழுதும் ரைட்டர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் மழைமானியைத் திறக்கிறாரா இல்லையா என்று நேரில் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாம் என்று இருக்கிறேன்.